ஓவசியரின் பட்டியலில் நான் வெட்டிய வரி

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பதிவேடு எழுதுவது, பித்தளையில் களிம்பு ஏறாமல் பார்ப்பது, கறையானோடு மல்லுக்கட்டுவது எல்லாவற்றையும் மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். மன்னார்க் காற்றில் உப்பு இருக்கும்வரை அந்தப் பாடம் முடியப்போவதும் இல்லை. நான் சொல்ல வருவது பொருள் தருகிறவர்களைப் பற்றி. ஓய்வு பெறும்வரை என் நேரத்தில் பெரும்பகுதி அவர்களோடுதான் போனது.

எங்கள் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கிச் சேர்த்த இடமல்ல. எங்களுக்கு ஒதுக்கப்படும் தொகையில் ஒரு நல்ல கண்ணாடி அலுமாரி வாங்கலாம், அதற்குள் வைக்க ஒன்றும் வாங்க முடியாது. முத்துக்குளிப்புக் கல்லிலிருந்து ஒல்லாந்தர் உட்கார்ந்த கதிரை வரைக்கும் இங்கே இருப்பவை யாரோ மனம்வைத்துத் தந்தவை. சிலர் உயிரோடு இருக்கும்போதே தந்தார்கள். சிலர் மரணசாதனத்தில் எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்கள்.

தருகிறவர்களில் பல வகை உண்டு. வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வாரத்தில் மட்டும் பழமையில் பற்று வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஊசி இல்லாத தையல் மெசினை ஓட்டோவில் ஏற்றி வந்து வாசலில் இறக்கிவிட்டு, பிரயோசனப்படும் என்று சொல்லி, நான் வாயைத் திறப்பதற்குள் போய்விடுவார்கள். தகப்பனாரின் படத்தைக் கதவளவுக்குப் பெரிதாக்கி, அதை வாசலுக்கு நேரே மாட்டினால்தான் கப்பல் மணியைத் தருவேன் என்று நின்றார் ஒருவர். படத்தை நான் மாட்டவில்லை. மணி ஆறு மாதம் கழித்துத் தானாக வந்தது. தான் தந்த குத்துவிளக்கைத் துடைக்க வெள்ளிக்கிழமை தோறும் துணியோடு வந்த அம்மா ஒருவரும் இருந்தார். எங்கள் ஊழியர்களைவிட நன்றாகத் துடைத்தார், நான் தடுக்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த மேலதிகாரிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொருள் வந்தாலும் மூன்று கேள்வி கேட்பார். இது என்ன, யார் பாவித்தது, உங்களிடம் எப்படி வந்தது. முதல் இரண்டையும் நானும் எல்லோரிடமும் கேட்டேன். மூன்றாவதை மன்னாரில் கேட்பது லேசில்லை. சண்டைக் காலத்தில் இங்கே வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. ஆட்கள் போனார்கள், வேறு ஆட்கள் வந்து இருந்தார்கள், பொருட்கள் கை மாறின. யார் வீட்டு அலுமாரி யார் வீட்டில் நிற்கிறது என்று தெரிந்தாலும் யாரும் வாய் திறப்பதில்லை. அதற்கு நாங்கள் மரியாதை என்று பெயர் வைத்திருந்தோம். என் வேலையில் நான் செய்த பெரிய பிழை அந்த மரியாதையால் வந்தது.

மன்னார்த் தீவில் பேசாலைப் பக்கம் ஒருவர் இருந்தார். கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் ஓவசியர்தான், நானும் அப்படியே சொல்கிறேன். கத்தோலிக்கர், ஒரே மகள். சம்பளத்தில் மிஞ்சியதை எல்லாம் பழைய பொருட்களில் போட்டவர். முத்துச் சலித்த பித்தளைச் சல்லடைகள், சுழியோடிகள் கடலில் மூழ்கக் கட்டிய கற்கள், கப்பல் விளக்குகள், பழைய நங்கூரம் என்று வீடு நிறைய வைத்திருந்தார். மாதம் ஒருமுறை அருங்காட்சியகத்துக்கு வருவார். தேநீர் குடிப்பார். எங்கள் பெயர்ப் பலகைகளில் இரண்டு பிழையாவது கண்டுபிடிப்பார். ஒரு பொருளும் தரமாட்டார். நானும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

அவர் இறந்த பிறகுதான் தெரிந்தது, எல்லாவற்றையும் எங்களுக்கு எழுதி வைத்திருந்தார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு மகள் ஸ்டெல்லா பட்டியலைக் கொண்டுவந்து தந்தார். பள்ளிக்கூட ஆசிரியை, அளந்து பேசுகிறவர். பட்டியல் கோடு போட்ட கொப்பித் தாளில் இருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அது எப்படி வந்தது என்று ஓவசியர் எழுதியிருந்தார். இது பழைய இரும்புக் கடையில் வாங்கியது, இது கடற்கரையில் எடுத்தது, இது இன்னார் கடனுக்குப் பதிலாகத் தந்தது. நான் கேட்கத் தயங்குகிற மூன்றாவது கேள்விக்கு, நான் கேட்காமலே, மனிதர் பதில் எழுதி வைத்திருந்தார்.

அந்தப் பட்டியலில் ஒரு வரி இப்படி இருந்தது: "செம்புக் கிடாரம் ஒன்று. கலியாணத்துக்கு இரவல் வாங்கினது. எருக்கலம்பிட்டியாருக்குரியது."

எங்கள் படிவத்தில் இதற்கு இடம் இல்லை. அன்பளிப்பு என்றால் ஒரு படிவம், இரவல் என்றால் வேறு படிவம். இரவல் படிவத்தில் உடையவரின் கையொப்பமும் திருப்பிக் கொடுக்கும் திகதியும் வேண்டும். உடையவர் யார் என்று எனக்குத் தெரியாது. எருக்கலம்பிட்டி முஸ்லிம் சனங்கள் தொண்ணூறாம் ஆண்டு, துவக்கு வைத்திருந்தவர்களின் உத்தரவில், இரண்டொரு நாளில் ஊரை விட்டுப் போக வேண்டி வந்தவர்கள். வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிப் பக்கம் போய், புத்தளத்து முகாம்களில் இருபது வருடம் இருந்தார்கள். திரும்பி வந்தவர்கள் ஒரு பகுதிதான். ஒருநாள் அந்தப் பக்கம் போய் விசாரித்திருக்கலாம். நான் போகவில்லை. இன்னொரு யோசனையும் இருந்தது. எருக்கலம்பிட்டியாரின் பொருள் ஓவசியர் வீட்டில் இருந்தது என்று எழுதி வைத்தால் வாசிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆளில்லாத வீட்டில் எடுத்தது என்றுதான் நினைப்பார்கள். செத்த மனிதரின் பெயர் கெடக்கூடாது. நீலப் பேனையை எடுத்து, கிடாரம் என்ற சொல்லை விட்டுவிட்டு, மிச்சத்தைக் கோடு போட்டு வெட்டினேன். பதிவேட்டில் அன்பளிப்பு என்று எழுதினேன். நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன்.

ஓவசியரின் சேகரிப்புக்கு ஒரு தனி அறை ஒதுக்கினோம். கிடாரம் நடுவில் இருந்தது, விருந்துச் சோறு ஆக்குகிற பெரிய அண்டா, இரண்டு பேர் உட்காரக்கூடிய அகலம். பிடித்துத் தூக்குகிற காதுகளில் ஒரு பக்கத்தது செம்பு, மற்றது துருப்பிடித்த இரும்பு. இரும்புக் காது பார்வைக்கு நன்றாயில்லை என்று அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். முன்னால் "ஓவசியர் குடும்பத்தினரின் அன்பளிப்பு" என்று பலகை வைத்தோம். ஒப்படைப்புப் பத்திரத்தில் ஸ்டெல்லாவின் கையொப்பம் மட்டும் மீதி இருந்தது. அதைத் திறப்பு விழாவில், கொழும்பிலிருந்து வருகிற அதிகாரிகளின் முன்னால் போடுவதாக ஏற்பாடு. ஓவசியரின் தாளில் சாட்சிக் கையொப்பம் இல்லாததால் அதுவரை சேகரிப்பு முழுவதும் சட்டப்படி மகளுடையது. அவர் வேண்டாம் என்றால் அறை வெறும் அறைதான்.

விழாவின் மத்தியானச் சாப்பாட்டை எருக்கலம்பிட்டி ஹபீபாவிடம் கொடுத்திருந்தோம். ஊரை விட்டுப் போனபோது பத்து வயது. சண்டை முடிந்து திரும்பி வந்து, சமையல் எடுத்துச் செய்து வயதான தாயைப் பார்த்து வந்தார். விழாவுக்கு முதல் நாள் காலையில், மேசை எங்கே போடுவது என்று கேட்க வந்தவரை, கொஞ்சம் பெருமையோடு புது அறைக்குக் கூட்டிப் போனேன். முத்துச் சல்லடைகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே கிடாரத்தின் முன்னால் போய் நின்றார். பலகையை வாசித்தார். பிறகு, தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"மிஸ், இதின்ர மற்றக் காது இரும்பு. செம்புக் காது உடைஞ்சு போச்செண்டு வாப்பா தன்ர வள்ளத்து வளையத்தைக் கழட்டிப் போட்டவர்."

நின்ற இடத்திலிருந்து அவருக்குச் சுவர்ப் பக்கம் தெரியாது. அது அவருடைய தாயின் கிடாரம்தானா என்று கேட்டேன். ஓம் என்றார். கேள்விக்குப் பதில் போல இல்லாமல், தனக்குத்தானே சொல்வது போலத்தான் மிச்சத்தைச் சொன்னார்.

"உம்மா முகாமில இருந்த காலம் முழுக்கச் சொல்லுவா, என்ர கிடாரத்தை ரெண்டு ஆம்பிளையள் பிடிச்சாத்தான் தூக்கலாம் எண்டு. எல்லாரும் சிரிப்பினம். விட்டிட்டு வந்தவை ஆர்தான் மாளிகையை விட்டிட்டு வரேல்ல எண்டு. நானும் சிரிச்சனான் மிஸ். இப்ப உம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டலாம். ஆனா இந்தப் பலகையில இருக்கிறதை நான் அவவுக்கு என்னெண்டு வாசிச்சுக் காட்டுறது?"

அந்த இடத்தில் நான் சொன்ன பதிலை உங்களுக்கு மறைக்கப் போவதில்லை. ஒரு கடிதம் எழுதித் தாருங்கள், விழா முடிந்ததும் விசாரிக்கிறேன் என்றேன். கந்தோரில் கோப்போடு பழகிய வாய்க்கு அதுதான் வரும். ஹபீபா ஓம் மிஸ் என்று சொல்லிவிட்டு, மேசை போடும் இடத்தைப் பார்த்து, ஆட்களின் தொகையைக் கேட்டு, சமையலுக்கு வாடகைக் கிடாரம் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். குத்திக் காட்டச் சொன்னதல்ல. அவர் எப்போதும் வாடகைக் கிடாரம்தான் எடுக்கிறவர்.

கொழும்பில் இருந்த அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். நல்ல மனிதர்தான். பதிவேட்டில் ஏறிய பொருளை ஒரு சமையல்காரப் பெண்ணின் வாய்ச்சொல்லை வைத்து இறக்க முடியாது என்றார். எதுவானாலும் நாளைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தகப்பனாரின் அன்பளிப்பு வேறு ஒருவரின் பொருள் என்று கேட்டு மகள் கோபித்துக்கொண்டு கையொப்பம் போடாமல் போனால் நீங்கள் பொறுப்பெடுப்பீர்களா என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இது வாய்ச்சொல் மட்டும் அல்ல, ஓவசியர் கைப்பட எழுதியது. அந்தத் தாள் என் அலுமாரியில் இருந்தது. வெட்டிய கோடும் என்னுடையது. கோப்பை எடுத்து மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். கிடாரத்தை ஓசைப்படாமல் களஞ்சிய அறைக்குள் தள்ளிவிடலாம், திருத்த வேலை என்று சொல்லலாம், யாரும் கேட்கப் போவதில்லை. அந்த யோசனை எனக்கு வந்தது, கொஞ்ச நேரம் பிடித்தும் இருந்தது. கேட்கப்படாத கேள்விகளால்தான் எங்கள் ஊரில் பாதிச் சாமான் இருக்கிற இடத்தில் இருக்கிறது. மத்தியானம் ஓட்டோ பிடித்து ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன்.

அவர் விழாவுக்காகத் தகப்பனாரின் படச் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் முகவுரை ஒன்றும் சொல்லாமல் தாளை முன்னால் வைத்தேன். வாசித்தார்.

"இது அப்பாட எழுத்து. இந்தக் கோடு ஆர்ர?"

என்னுடையது என்றேன். ஏன் வெட்டினேன் என்பதையும் சொன்னேன், உங்கள் அப்பாவை ஊர் பிழையாக நினைக்கக்கூடாது என்று. அவர் படத்தை மேசையில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பா ஒளிக்கேல்ல மிஸ். நீங்கள் ஏன் ஒளிச்சனீங்கள்?"

வெட்கப்பட்டேன். அதைவிடப் பெரிய சொல் எதுவும் அந்த நேரத்துக்குப் பொருந்தாது.

பிறகு அவரே சொன்னார். இரவல் வாங்கியது ஸ்டெல்லாவின் கலியாணத்துக்குத்தான். அவ்வளவு பெரிய கிடாரம் தீவில் எருக்கலம்பிட்டியில் ஒரு வள்ளக்காரர் வீட்டில்தான் இருந்தது. கிறிஸ்தவர், சைவர், முஸ்லிம் என்று பார்க்காமல் எல்லோர் வீட்டு விசேஷத்துக்கும் அது போய் வந்தது. இரவல் வாங்கிய பாத்திரத்தை எங்கள் பக்கத்தில் யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. அதனால் கலியாணம் முடிந்து நாலாம் நாள் ஓவசியர் அதற்குள் பலகாரம் வைத்து, வெள்ளைத் துணியால் கட்டி, உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வீட்டுக் கதவுகள் திறந்து கிடந்தன, ஆடுகள் உள்ளே நின்றன, ஆள் ஒன்றும் இல்லை. கிடாரத்தோடு திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அது ஒருநாளும் அடுப்பில் ஏறவில்லை. பேரப்பிள்ளைகளின் ஞானஸ்நான விருந்துக்கும் வெளியில் வாடகைக்கு எடுத்தார்கள். ஓவசியர் இரண்டு தரம் புத்தளம் போய்த் தேடினார். வள்ளக்காரர் அதற்குள் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார் என்ற செய்திதான் கிடைத்தது, குடும்பம் எந்த முகாமில் என்று விசாரிக்க மனைவியின் பெயர் இவருக்குத் தெரியாது.

"கடைசியா ஆசுபத்திரியில கிடக்கேக்க சொன்னவர். வீட்டில வச்சிருந்தா நாங்கள் மட்டுந்தான் பாப்பம். மியூசியத்தில வச்சா எல்லாச் சனமும் வந்து பாக்கும், உடையவையும் ஒருநாள் வருவினம் எண்டு. மற்றச் சாமானெல்லாம் அதுக்குத் துணையாப் போகட்டும் எண்டவர்."

நான் வருடக்கணக்காகக் கேட்டும் தராத சேகரிப்பு எதற்காக எங்களிடம் வந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் எங்களுக்கு எழுதி வைத்ததே அந்த ஒரு வரிக்காக. நான் அதைத்தான் வெட்டியிருந்தேன்.

வள்ளக்காரரின் மகள் ஹபீபா வந்ததைச் சொன்னேன், அவர் என்ன கேட்டார் என்று ஸ்டெல்லா விசாரித்தார். ஒன்றும் கேட்கவில்லை, பலகையைத் தாய்க்கு எப்படி வாசித்துக் காட்டுவது என்று மட்டும் கேட்டார் என்றேன். ஸ்டெல்லா காலையில் வருகிறேன் என்றார். கையொப்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அந்தத் தகுதி எனக்கு அன்றைக்கு இருக்கவில்லை.

மறுநாள் விருந்தினர் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ஸ்டெல்லா ஓட்டோவில் வந்து இறங்கினார். கூடவே ஒரு மூட்டை அரிசி. கட்டுக்கரை வயலில் அவர்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது, அந்தப் போக அரிசி. காட்சி அறைக்குள் தின்பண்டம் கொண்டு போகக்கூடாது என்று வாசலில் பலகை வைத்தவள் நான். எறும்பு வரும், வண்டு வரும், எலி வரும் என்று ஊழியர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். ஸ்டெல்லா ஊழியர்களைக் கொண்டு கிடாரத்தை இரும்புக் காது முன்னால் வரும்படி திருப்பி, மூட்டையின் வாயை அவிழ்த்து அரிசியைக் கொட்டினார். கொஞ்சம் நிலத்தில் சிந்தியது.

பின்பக்கம் சமைத்துக்கொண்டிருந்த ஹபீபாவைக் கூப்பிடச் சொன்னேன். கையைத் துடைத்தபடி வந்தவர் அரிசியைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அதற்கு முன்னம் கண்டதில்லை. யார் யார் என்று நான் சொல்ல முந்தி ஸ்டெல்லாவே பேசினார்.

"கன காலம் வச்சிட்டம்."

முதல் நாள் பின்னேரம் தாயிடம் எல்லாம் சொன்னதாகவும், தாய் அழவோ ஏசவோ இல்லை, ஒன்றே ஒன்று மட்டும் கேட்டு வரச் சொன்னதாகவும் ஹபீபா சொன்னார்.

"கலியாணச் சோறு வந்த சனம் எல்லாத்துக்கும் காணுமா இருந்ததோ எண்டு கேக்கச் சொன்னவ."

"கண்டது," என்றார் ஸ்டெல்லா. "மிஞ்சினது. உங்களுக்கெண்டு பலகாரம் வச்சுக் கட்டிக்கொண்டு வந்தவர் அப்பா. வீட்டில ஒருத்தரும் இல்லை."

ஹபீபா குனிந்து ஒரு பிடி அரிசியை எடுத்தார். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார்.

"புது அரிசி," என்றார். "தண்ணி குறைச்சு விடோணும்."

பலகையை நானே கழற்றினேன். விழா நடந்தது. அறையின் நடுவில் ஏன் அரிசி போட்ட கிடாரம் இருக்கிறது என்று கொழும்பு அதிகாரி காதுக்குள் கேட்டார். உடையவர் கொண்டு போகப் போகிறார் என்றேன். அறிக்கை எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன், விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதமும் வந்தது. ஸ்டெல்லா எல்லோர் முன்னிலையிலும் கையொப்பம் போட்டார். ஆனால் பத்திரத்தில் கிடாரம் என்ற வரிக்கு எதிரே, அதைத் தான் தரவில்லை என்று தன் கையால் எழுதிவிட்டுத்தான் போட்டார். பின்னேரம் சமையல் சாமான்களோடு கிடாரம் லொறியில் ஏறியது. வெறுமையாக இருந்திருந்தால் இரண்டு பேர் போதும். அரிசி இருந்ததால் நாலு பேர் பிடித்தார்கள். அதை உம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று ஹபீபா இரண்டு தரம் சொன்னார்.

அறையின் நடுவில் இப்போது நீங்கள் காண்கிற வெற்றிடம் இடப் பற்றாக்குறை தெரியாதவர்கள் விட்டது அல்ல. அங்கே எதையும் கொண்டுவந்து வைத்து நிரப்ப வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வருகிற நாட்களில் ஹபீபாவிடம் கேட்டால் கிடாரத்தை இரவலாகத் தருவார். விசேஷ வேலை இருந்தால் தரமாட்டார், அடம்பிடிக்காதீர்கள். திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே ஏதாவது வைத்துக் கொடுங்கள். அதற்குப் படிவம் இல்லை.

பொருள் கொண்டு வருகிறவரிடம் மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். கேட்பதற்கு முன்னமே ஒருவர் பதில் எழுதி வைத்திருந்தால் அதில் கை வைக்காதீர்கள். ஓவசியரின் பட்டியல் இன்னும் கோப்பில் இருக்கிறது, கொப்பித் தாள் பழுத்துப் போய்விட்டது. யாராவது அதைச் சுத்தமாகத் திரும்ப எழுதி வைக்கலாம் என்று சொல்வார்கள், விடாதீர்கள். நீலக் கோட்டுக்குக் கீழே நான் எழுதியிருப்பதையும் அப்படியே விட்டுவிடுங்கள்: இந்தக் கோடு என்னுடையது, வரி சரி.